‘இறுக்கமா ஒரு டை பின்’: மூன்று கிராம் பட்டை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். எங்கள் பட்டறையில் ‘டை’ என்றால் தகடு வெட்டும் அச்சு. நரைத்த தலைக்கு அடிப்பதும் டை. கழுத்தில் கட்டுவதும் டை. “டைக்கு ஒரு டை போடணும்ணா” என்று நான் சொன்னபோது எங்கள் டூல் ரூம் அண்ணன் என் தலையைத்தான் முதலில் பார்த்தார். இந்தக் கட்டுரையில் டை என்றால் கழுத்தில் கட்டுவது மட்டும். வெட்டுவதையும் வளைப்பதையும் அச்சு என்றே எழுதுகிறேன்.

கோவை கணபதியில் நாங்கள் நடத்துவது சின்னப் பட்டறை. பம்புக்கு வாஷர், மோட்டாருக்கு கிளாம்ப் என்று தகட்டில் அடிக்கிற சில்லறைச் சாமான்தான் எங்கள் பிழைப்பு. ஒரு நாள் மாலை, சீருடைச் சாமான் சப்ளை செய்யும் ஒருவர் பிஸ்கட் டப்பாவுடன் வந்தார். மருந்துக் கம்பெனி ரெப்களுக்கு டை, பெல்ட், பேட்ஜ், டை பின் எல்லாம் அவர்தான் கொடுக்கிறார். டப்பா நிறையத் திரும்பி வந்த டை பின்கள், அதாவது டையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்கள்.

“ஏனுங் தம்பி, இதை இறுக்கமாச் செஞ்சு குடுக்க முடியுங்களா? பைக்ல போனா நிக்கறதே இல்லைங்கறாங்க. நாலு மாசத்துல எல்லாம் திரும்பி வந்துருச்சு.”

இறுக்கம்தானே, ஸ்பிரிங்கை மாற்றினால் முடிந்தது என்று நினைத்து, சரி என்று சொல்லிவிட்டேன். அந்த அவசரத்துக்குப் பிறகு மூன்று மாதம் செலவானது.

டப்பாவில் இருந்தவை

மேஜையில் தினத்தாளை விரித்துக் கொட்டிப் பிரித்தோம். இரண்டு வகை இருந்தன.

முதல் வகை, முதலை வாய் மாதிரித் திறப்பது. முன்னால் பளபளப்பான பட்டை, பின்னால் பல் வைத்த தாடை, நடுவில் ஒரு ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். இவற்றில் பெரும்பாலானவை ஆணி இருக்கும் இடத்தில்தான் போயிருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கதை தெளிவாகத் தெரிந்தது. ஆணி நுழையும் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. ஓட்டை நீண்டதும் தாடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்ததும் ஸ்பிரிங்கின் ஒரு கால் அதன் இடத்தை விட்டு வழுக்குகிறது. அதற்கப்புறம் அது கிளிப் இல்லை, இரண்டு தகரம்.

சிலவற்றில் உடலே உடைந்திருந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பொரபொரவென்று இருந்தது. துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்து, மேலே நிக்கலும் குரோமியமும் ஏற்றிய வேலை. இந்த வார்ப்பில் சிக்கலான வடிவத்தை மலிவாக எடுக்கலாம், அது நல்ல விஷயம்தான். ஆனால் மெல்லிய இடத்தில் மடங்கத் தெரியாது, முறியத்தான் தெரியும். முலாமில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் வியர்வை உப்பு உள்ளே இறங்கி, அடியில் வெள்ளைப் பொடி பூக்கிறது. மேலே முலாம் கொப்புளிக்கிறது.

இரண்டாம் வகை, பித்தளைப் பட்டையை ஊசி மாதிரி மடக்கியது. ஆணி இல்லை, ஸ்பிரிங் இல்லை, மடங்கிய பட்டையே ஸ்பிரிங். முன்பக்கம் கம்பெனியின் சின்னத்தைப் பற்றவைத்திருந்தார்கள். இவை ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன, அவ்வளவுதான். விரலால் அமுக்கி மூடினால் மூடும். ஒரு முறை டையில் போட்டு எடுத்தால் மறுபடி பிளந்துகொள்ளும்.

இது எனக்கு உறுத்தியது. அடிப்படையில் இரண்டாம் வகை நல்ல வடிவமைப்பு. பித்தளையும் மோசமான ஸ்பிரிங் இல்லை, நன்றாக உருட்டி இறுகிய பித்தளை என்றால். இங்கேதான் சின்னம் வில்லனாகிறது. வெள்ளிப் பற்று வைக்க 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். உருட்டும்போது பித்தளைக்குள் ஏறிய இறுக்கமெல்லாம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். பாத்திரக்காரர்கள் தட்டித் தட்டி இறுகிய செம்பை நெருப்பில் காட்டி மறுபடி இளக்குகிறார்களே, அதே வேலை இங்கே வேண்டாத இடத்தில் நடந்திருக்கிறது. அழகுக்கு வைத்த சின்னம் உயிரை வாங்கிவிட்டது.

கிளினிக் வாசலில்

டப்பாவை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தால் தவறான சாமானை நன்றாகச் செய்திருப்போம். மாலை ஆறரைக்கு மேல் எந்த டாக்டர் கிளினிக்குக்குப் போனாலும் பின்வரிசையில் ரெப்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கிளினிக் வாசலில் டீக்கடை ஓரமாக நின்று இரண்டு நாள் கவனித்தேன்.

ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். டை தோளுக்கு மேல் ஏறி முதுகில் கிடந்தது. அதில் கிளிப் இருந்தது! கிளிப் கழன்று விழவில்லை. டையின் முன் பட்டையையும் பின் பட்டையையும் சேர்த்துக் கச்சிதமாகக் கவ்விக்கொண்டு, டையோடு சேர்ந்து பறந்து வந்திருக்கிறது.

“அண்ணா, கிளிப்பைச் சட்டையோட சேர்த்துப் போடலையா?”

“சட்டையோடவா? டைக்குத்தானே டை பின்னு?”

விசாரித்தால் பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். டை பின்னின் வேலையே டையைச் சட்டையின் பட்டன் பட்டையோடு சேர்த்துக் கட்டுவது. மூன்றாவது, நான்காவது பட்டனுக்கு நடுவில், டையின் இரண்டு பட்டைகளையும் அடியில் இருக்கும் சட்டைத் துணியையும் ஒன்றாகக் கவ்வ வேண்டும். சட்டையை விட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கமான கிளிப்பும் காற்றில் எடை கூட்டுகிற குண்டுதான். ஒரு ரெப்புக்கு அது கன்னத்தில் அடித்த கதையும் கேட்டேன்.

ஏன் சட்டையைப் பிடிப்பதில்லை என்றால், பிடிக்க முடியவில்லை. முதலை வாயைத் திறக்க இரண்டு விரல் வேண்டும், பட்டன் பட்டையைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், டையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஒரு கையில் சாம்பிள் பை. பைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஒரே கையில் செய்கிற வேலையாக அது இல்லை. அதனால் எது வாய்க்குள் வருகிறதோ அதைக் கவ்விவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றும் அங்கேதான் கண்ணில் பட்டது. டையில் கிளிப் போடுகிற உயரத்தில் சின்னச் சின்ன நூல் பிரிந்து நின்றது. பல் கடித்த இடம்.

ஆக, “இறுக்கமா இல்லை” என்ற ஒரே புகாருக்குள் மூன்று கோளாறுகள் இருந்தன. ஒன்றில் மூட்டு தேய்கிறது. ஒன்றில் உலோகம் இளகிவிட்டது. ஒன்றில் கிளிப்பிடம் குறையே இல்லை, போடுகிற முறைதான் சரியில்லை. இறுக்கத்தைக் கூட்டினால் முதல் கோளாறு சீக்கிரம் வரும், மூன்றாவது மோசமாகும், துணி இன்னும் கிழியும். சப்ளையர் அண்ணனிடம் போய் “இறுக்கத்தைக் குறைக்கப் போறோங்ணா” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

துணியின் பக்கம்

நாங்கள் உலோகக்காரர்கள், துணி தெரியாது. தெரிந்தவரிடம் ஒரு பழைய டையைப் பிரித்துக் காட்டச் சொன்னோம். இப்போது நாம் கட்டுகிற டையின் வடிவம் 1920களில் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியை நூலோட்டத்துக்கு 45 டிகிரி சரிவாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சரிவாக வெட்டிய துணி இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும். முடிச்சை அவிழ்த்ததும் சுருக்கம் விழாமல் தொங்கும்.

அந்தச் சரிவுதான் பல்லுக்கு எதிரி. நேராக நெய்த துணியில் ஒரு நூல் இழுபட்டால் அது ஒரு கோட்டோடு போகும். சரிவாக வெட்டிய டையில் இழுபட்ட நூல் குறுக்குவாட்டில், டையின் முகத்தில் கோணலாகக் கோடு போடுகிறது. அதை மறைக்க முடியாது. டைக்குள்ளே தனியாக ஒரு கனத்த உள்துணி இருக்கிறது. பின்னால் ஒரே ஒரு நீண்ட தளர்வான தையல்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. துணியும் உள்துணியும் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து கொடுப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். புள்ளி புள்ளியாகக் கடிக்கிற தாடை அந்த நகர்வைத் தடுக்கிறது. நீளமாக, மென்மையாக அணைக்கிற பட்டை தடுப்பதில்லை.

டையின் முன் பட்டை, பின் பட்டை, சட்டைத் துணி மூன்றையும் அடுக்கி, தடிமன் அளக்கும் வெர்னியரை மெல்ல மூடினோம். தளர்வாக 5 மி.மீ., லேசாக அமுக்கினால் 3 மி.மீ. இந்த 3 தான் எங்கள் வடிவமைப்பின் அச்சாணி எண். அகலத்தையும் அளந்தோம். நுனியில் 8 செ.மீ. இருக்கிற டை, கிளிப் போடும் உயரத்தில் ஏழுக்கும் குறைவு. பின் டையைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருந்தால் அசிங்கம். முக்கால் பாகம் போதும். எனவே முன் கை 54 மி.மீ. என்று வைத்தோம்.

கணக்கு

முடிவு செய்த வடிவம் இது: ஆணி, ஸ்பிரிங், பல் எதுவும் இல்லாத ஒரே பட்டை, நடுவில் மடங்கி, ஒரு பக்கத்திலிருந்து செருகுவது. பித்தளை வகையின் அதே வடிவம், ஆனால் உயிரோடு.

மடங்கிய பட்டையின் ஒவ்வொரு கையும் ஒரு முனை பிடிபட்ட உத்தரம். பள்ளியில் படித்த சூத்திரமே போதும். விசை, பட்டையின் தடிமனின் மும்மடிக்கு (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கியது) ஏற்பக் கூடும், நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். உலோகத்துக்குள் ஏறும் அழுத்தம் தடிமனுக்கு நேராகக் கூடும், நீளத்தின் இருமடிக்கு (இரண்டு முறை எழுதிப் பெருக்கியது) ஏற்பக் குறையும். இந்த இரண்டு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கிளிப் வடிவமைப்பில் முக்கால் வேலை முடிந்தது.

பட்டை அகலம் 6 மி.மீ., வேலை செய்யும் நீளம் 45 மி.மீ., பொருள் எவர்சில்வர். சும்மா இருக்கும்போது இரு நுனியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 3 மி.மீ. துணி உள்ளே போனால் ஒவ்வொரு கையும் ஒன்றரை மி.மீ. விலகும். 0.6 மி.மீ. தடிமனில் நுனி விசை சுமார் 1 நியூட்டன், அதாவது 100 கிராம் எடை அளவு. 0.8 போட்டால் 2.4 நியூட்டன். 0.5 போட்டால் 0.6 நியூட்டன்தான். தடிமனில் 0.1 மி.மீ. என்பது தகட்டுக் கடையில் யாரும் பொருட்படுத்தாத வித்தியாசம். கிளிப்பில் அதுதான் எல்லாம்.

பழைய முதலை வாய் கிளிப்பை ஒரு பக்கம் பிடித்து, மறு தாடையில் நூல் கட்டி எடை தொங்கவிட்டோம். அரைக் கிலோவுக்குத்தான் வாய் அசைந்தது. நாங்கள் செய்ய நினைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு விசை. அதையும் நாலைந்து பல்லில் குவிக்காமல் கையின் நீளத்துக்குப் பரப்பி. மூன்று தடிமனிலும் மாதிரி செய்து பட்டறைப் பையன்களிடம் டை கட்டிவிட்டு (தாலி கட்டுவது போல வெட்கப்பட்டார்கள்) அவினாசி சாலையில் ஓட்டச் சொன்னோம். 0.5 மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தது. 0.8 நகரவில்லை, ஆனால் டையில் தழும்பு விட்டது, செருக இரண்டு கை கேட்டது. 0.6 நின்றது.

அதோடு ஒரு பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. டை எதிலாவது மாட்டி இழுபட்டால் கிளிப் வழுக்கி விட்டுவிட வேண்டும், ஆளைச் சட்டையோடு இழுக்கக் கூடாது. மென்மையான பிடி அதற்கும் தோது. சுழலும் மெஷின் பக்கம் போகிறவர்கள் கிளிப்பை நம்பக் கூடாது, டையையே கழற்றிவிட வேண்டும். எங்கள் பட்டறையில் சோதனை நாளில்கூட அந்த விதியைத் தளர்த்தவில்லை.

எந்த எவர்சில்வர்

முதல் மாதிரிகளைக் கையிருப்பில் இருந்த 304 என்ற வகை எவர்சில்வர் தகட்டில் வெட்டினோம். இளக்கி விற்கும் சாதாரணத் தகடு அது. அரை நாளில் எல்லாம் வாயைப் பிளந்தன, பித்தளையைப் போலவே. கணக்கைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருக்கும். ஒவ்வொரு கையும் 1 மி.மீ. விலகினால் மடிப்பின் வேரில் 86 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏறுகிறது. இளக்கிய 304 தாங்குவது 200 முதல் 250 வரை. அதாவது வாய் 5, 6 மி.மீ. திறந்தாலே திரும்பி வராது. போடுகிற ஒவ்வொரு தடவையும் விரலால் அதற்கு மேல்தான் திறக்கிறோம்.

304, 301 போன்ற எவர்சில்வர் வகைகளை இரும்பைப் போலச் சூடாக்கித் தண்ணீரில் முக்கி இறுக்க முடியாது. குளிர்ந்த நிலையில் உருட்டித்தான் இறுக்கலாம். 301 இதற்கென்றே பிறந்தது, சுமார் 17 சதவீதம் குரோமியம், 7 சதவீதம் நிக்கல். உருட்ட உருட்ட வேகமாக இறுகும். ஹாஃப் ஹார்ட் (பாதி இறுக்கம்) என்று விற்பது குறைந்தது 758 மெகாபாஸ்கல் வரை தாங்கும், ஃபுல் ஹார்ட் (முழு இறுக்கம்) 965. அதிகம் தாங்குவதையே வாங்கலாமே என்று ஃபுல் ஹார்ட் கொண்டுவந்தோம். மடிப்பின் வெளிப்பக்கத்தில் தலைமுடி போல விரிசல் ஓடியது. இறுகிய உலோகம் மடங்க மறுக்கும். கடைசியில் ஹாஃப் ஹார்ட், 0.6 மி.மீ. அதில் வாய் 17 மி.மீ. வரை திறந்தாலும் திரும்பி வரும் என்று கணக்கு சொன்னது. மடிப்பும் கொஞ்சம் கொடுக்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் தாராளம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. மாதிரியைப் பார்த்த சப்ளையர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். ஒட்டியது. “தம்பி, இது எவர்சில்வரே இல்லீங்களே!” பாத்திரக் கடையில் எல்லோரும் செய்கிற சோதனைதான், பாத்திரத்துக்கு அது ஓரளவு சரியும்கூட. ஆனால் 301ஐக் குளிராக உருட்டும்போது அதன் உள்கட்டமைப்பில் ஒரு பகுதி மாறி, காந்தம் ஒட்டத் தொடங்கும். எங்கள் பட்டையில் காந்தம் ஒட்டுவது கலப்படத்தின் அடையாளம் இல்லை, இறுக்கத்தின் அடையாளம். அதே சுருளில் ஒரு துண்டை வெட்டி அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்துக் காந்தத்தைக் காட்டினேன். ஒட்டவில்லை. விரலால் மடக்கச் சொன்னேன், களிமண் மாதிரி மடங்கியது. அதற்கப்புறம்தான் காந்தத்தைப் பைக்குள் போட்டார்.

மடிப்பும் பிசிறும்

மடிப்பைத் தட்டையாக மடக்கவில்லை. ஊக்கின் அடியில் இருக்கும் சுருளைப் போல, கண்ணீர்த்துளி வடிவத்தில், உள்ளே 3 மி.மீ. விட்டமுள்ள வளையமாக விட்டோம். துணியின் மொத்தத் தடிமன் அந்த வளையத்தில் வசதியாக உட்காரும், உலோகமும் சிரமப்படாமல் வளையும். பட்டையை உருட்டிய திசைக்குக் குறுக்கே மடிப்புக் கோடு வருமாறு வெட்டினோம். திசையோடு மடக்கினால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். கை பிரஸ்ஸில் ஒரு ஊசியைச் சுற்றி வளைத்ததும் பட்டை திரும்பி விரியும். அதனால் வேண்டியதைவிட அதிகம் மடக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதற்கு எங்கள் அண்ணன் சூத்திரம் எதுவும் பார்க்கவில்லை. ஊசியை நாலு முறை தேய்த்து மாற்றினார், ஐந்தாவது முறை நுனிகள் தொட்டன.

பின் கை 48 மி.மீ., முன் கையைவிட 6 குறைவு. அதன் நுனியை மட்டும் 2 மி.மீ. வெளிப்பக்கம் தூக்கிவிட்டோம், பனைமட்டை நுனி மாதிரி. கிளினிக் வாசலில் கண்ட பிரச்சினைக்கு இந்த மூக்குதான் பதில். கிளிப்பைத் திறக்கத் தேவையில்லை. மூக்கைச் சட்டைப் பட்டன் பட்டைக்கு அடியில் வைத்து ஒரே கையால் பக்கவாட்டில் தள்ளினால் சட்டையும் டையும் தானாக உள்ளே போகும். சட்டையைப் பிடிக்காமல் போடுவதுதான் இப்போது கஷ்டம். பல்லுக்குப் பதில் பின் கையில் மூன்று மெல்லிய அலை. அலையின் உயரம் ஒரு மி.மீட்டருக்கும் குறைவு.

வடிவம் சரி. முதல் நூறு துண்டுகளை அடித்துப் பஞ்சால் தேய்த்தோம். பிசிறு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது. விரலுக்குத் தெரியாத பிசிறும் பஞ்சில் நார் நாராக மாட்டும். அன்று பட்டறை முழுக்கப் பஞ்சு பறந்தது. அச்சில் வெட்டும் எந்தத் தகட்டிலும் ஒரு பக்கம் பிசிறு நிற்கும். எங்கள் வாஷரில் அதை யாரும் கேட்பதில்லை. டையில் அது கத்தி. மடக்கும் முன்பே வைப்ரேட்டரில் பீங்கான் கற்களோடு போட்டு ஓரம் உருளும் வரை ஓட்டினோம், மடக்கிய பின் இன்னொரு முறை. இந்த வேலைக்கு ஆகும் நேரம் மற்ற எல்லா வேலையும் சேர்ந்ததைவிட அதிகம். விலை பேசும்போது இதைத்தான் குறைக்கச் சொல்வார்கள். குறைக்கக் கூடாதது இதுதான்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததில் சில துண்டுகளில் செம்புள்ளி தெரிந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்குமா என்று கலங்கிப் போனோம். துருத்தது எவர்சில்வர் இல்லை. எங்கள் அச்சின் இரும்புத் துகள் பட்டையின் முகத்தில் பதிந்திருந்தது, அதுதான் துருத்தது. சிட்ரிக் அமிலக் கரைசலில் கழுவி எடுத்த பின் புள்ளி வரவில்லை.

சின்னம் என்ற தொல்லை

வாங்குகிறவருக்கு இவ்வளவு கதையும் முக்கியமில்லை, சின்னம் தெரிய வேண்டும். அதில் தப்பே இல்லை, டை பின் பல காலமாக விளம்பரப் பலகைதான். 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜான் கென்னடியின் ஆட்கள் பி.டி. 109 படகு வடிவ டை பின்களைக் கொடுத்தார்கள். 1943 ஆகஸ்ட் 2 அன்று சாலமன் தீவுகள் அருகே அமகிரி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்த, அவர் தலைமையிலிருந்த படகு. ஒரு போர்க் கதையை மார்பில் குத்திக்கொண்டு ஆட்கள் வாக்குக் கேட்டார்கள். கிளிப் எத்தனை நாள் பிடித்தது என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்களிடம் கேட்பார்கள். பற்றவைப்பது முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். லேசரில் கறுப்பாக எழுதலாம் என்றார்கள். அந்தக் கறுப்பும் சூட்டில் வருவதுதான், எழுத்து விழுந்த இடத்தில் துரு எதிர்ப்புக் குறையலாம். கடைசியில், மடக்கும் முன் தட்டையாக இருக்கும்போதே அச்சில் அமுக்கிச் சின்னத்தைப் பதித்தோம். சூடு இல்லை. இடம்தான் சண்டை. அவருக்கு நட்டநடுவில் வேண்டும், எனக்குத் திறந்த நுனிப் பக்கம் வேண்டும். மடிப்பின் வேரில்தான் பாரம் அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறைந்து பூஜ்யமாகும். நடுவில் பதித்தாலும் வேரின் பாதிப் பாரம்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுக்கொடுத்தேன்.

முடிந்த துண்டின் எடை 3 கிராம். பழைய முதலை வாய் 9. சோதனைக்கு, பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டாரில் ஒரு கேம் (சுழன்றபடி தள்ளிவிடும் கோணல் சக்கரம்) மாட்டி, வாயை 10 மி.மீ. திறந்து திறந்து மூடவிட்டோம். நிமிடத்துக்கு நாற்பது சொச்சம், பத்தாயிரம் தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு முறை திறப்பவருக்குப் பத்தாயிரம் என்பது பதின்மூன்று வருடத்துக்கு மேல். எடுத்துப் பார்த்தபோது நுனிகளுக்கு நடுவே தினத்தாள் துண்டு நுழையவில்லை. பையனுக்கு அந்தச் சத்தம் அன்று கனவில்கூட வந்ததாம்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. ரொம்ப வழவழப்பான பாலியஸ்டர் சாட்டின் டையில் இந்தக் கிளிப் ஒரு நாளில் அரை செ.மீ. நகரத்தான் செய்கிறது. அலையை உயர்த்தினால் நிற்கும், ஆனால் துணியில் தடம் விழும். இப்போதைக்கு நகரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

சாமான் போய் ஏழெட்டு மாதம் கழித்துச் சப்ளையர் அண்ணன் அதே பிஸ்கட் டப்பாவுடன் வந்தார். வயிற்றைக் கலக்கியது. டப்பாவுக்குள் இரண்டே இரண்டு, இரண்டும் வாய் பிளந்தவை. யார், எப்படி என்று விசாரிக்கச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் போன் வந்தது. இருவரும் மாதக் கடைசியில் பெட்ரோல் பில், லாட்ஜ் பில் எல்லாவற்றையும் மடித்துக் கட்டி, அந்தக் கட்டுக்கு இதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். கட்டின் தடிமன் எவ்வளவு என்று கேட்டேன். ஸ்கேல் வைத்துப் பார்த்து 20 மி.மீ. என்றார். கணக்கில் சொன்ன எல்லை 17.

“தம்பி, பில்லுக்குன்னு தனியா ஒண்ணு செய்ய முடியுங்களா? இறுக்கமா?”

0.5 பட்டையில், கையை 60 மி.மீட்டருக்கு நீட்டி, ஊசியை மறுபடி தேய்த்துக்கொண்டிருக்கிறார் டூல் ரூம் அண்ணன்.